முதல் டம்ளர்

மிக்சி ஓடும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் திட்ட மாட்டார், முறைக்கவும் மாட்டார். குமிழைப் பிடித்த கையை எடுக்காமல் மூன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும், ஒன்றிலிருந்து சைபருக்கும் மெதுவாகக் கொண்டுவருவார். பிளேடு நின்று, உள்ளே பழமெல்லாம் அடங்கிய பிறகு நம் பக்கம் திரும்பி, "இன்னாம்மா சொன்னே?" என்பார். நாம் சொன்னது "காபி குடிக்கிறீங்களா மாமா" என்பதாக இருக்கும். "வேணாம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஒன்று. இரண்டு. மூன்று.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. பால் பொங்கினாலும் பேசுவேன், பொங்காவிட்டாலும் பேசுவேன். அப்படிப்பட்டவளை ஒரு மனிதர் நாலு வாரம் மிக்சிக்குப் பக்கத்தில் வாயை மூடி நிற்க வைத்தார் என்றால் என் பிறந்த வீட்டில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள்.

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் பக்கத்து வீடு அவருடையது. என் கணவருக்குப் பெரிய எஞ்சினியரிங் தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாங்கள் திருச்சியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை, வாடகை வீடு. தொண்ணூறுகளின் நடுவில். சுரங்கம் இன்றைக்கு மூடும் நாளைக்கு மூடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். அவர் அப்போதே ரிட்டயர் ஆகியிருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் பெங்களூரில் நர்ஸ். கல்யாணமாகி அங்கேயே இருந்தாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து, வீட்டைப் பெருக்கி, அப்பாவைத் திட்டிவிட்டுப் போவாள். அவர் பெயரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மாமா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சுரங்கத்தில் அவர் வைண்டிங் டிரைவர். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டை அங்கே கேஜ் என்பார்கள். மேலே எஞ்சின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கீழே போகிறவர்களின் முகத்தைக்கூடப் பார்க்காமல், மணிச் சத்தத்தை மட்டும் கேட்டு, அந்தக் கேஜை ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்குக் கயிற்றில் இறக்குகிறவர் வைண்டிங் டிரைவர். முப்பத்தொரு வருடம் அதைச் செய்தவர். மிக்சியை மூன்றிலிருந்து ஒரேயடியாக அணைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "ரோப்பு துள்ளும்மா" என்றார். மிக்சியில் ஏது ரோப்பு? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வியைக் கேட்க வராது.

எல்லாம் ஒரு பன்றியால் வந்தது. மழைக்கால விடியலில் முதல் ஷிப்டுக்கு ஸ்கூட்டரில் போன என் கணவருக்கு, ஊருக்குள்ளேயே மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்தின் பக்கம் ஒரு பன்றி குறுக்கே ஓடியது. பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்து, கடைவாயில் ஒரு பல்லும் போனது. பெங்களூருக்குக் கொண்டுபோனோம். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. உள்ளே போவதெல்லாம் தண்ணீராகத்தான் போக வேண்டும், அதுவும் அந்தப் பல் போன சந்து வழியாக, ஸ்ட்ராவில்.

டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். எடை இறங்கக் கூடாது, இறங்கினால் எலும்பு சேராது. அப்புறம் ஒரு சின்ன கட்டரை என் கையில் கொடுத்து, மூச்சு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ யோசிக்காமல் கம்பியை வெட்டிவிடுங்கள் என்றார். வெட்டினால்? "மறுபடி ஆபரேஷன்" என்றார். அந்தக் கட்டரை முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். தாலியைவிட அதைத்தான் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முதல் வாரம் கஞ்சித் தண்ணீர், ஹார்லிக்ஸ், பருப்புத் தண்ணீர், ஆரஞ்சுச் சாறு. எல்லாம் சாதாரணத் தண்ணீர்தான், பெயர் மட்டும் வேறு. அறுபத்தொரு கிலோ இருந்த மனிதர் ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகி, சிலேட்டில் "பசி" என்று எழுதிக் காட்டுவார். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. நானும் சேர்ந்து இளைத்தேன்.

யாரோ பழத்தில்தான் சத்து என்றார்கள். மார்க்கெட்டில் நல்ல கொய்யா வந்திருந்தது. வாழைப்பழமும் கொய்யாவும் பாலும் போட்டு, மிக்சியை மூன்றில் வைத்து ஒரு அடி அடித்து, டீ வடிகட்டியில் வடித்துக் கொடுத்தேன். பாதி டம்ளர் நன்றாகத்தான் குடித்தார். அப்புறம் ஒரு விதை. ஒரே ஒரு கொய்யா விதை. இருமல் வந்தது, வாயைத் திறக்க முடியாத மனிதனுக்கு இருமல் வந்தால் அது வெளியே வராமல் உள்ளேயே வெடிக்கிறது. முகம் நீலமானது. முந்தானை முடிச்சு அவிழவே இல்லை. டம்ளர் விழுந்து உருண்டது. நான் கத்தியது நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

பக்கத்து வீட்டு மாமா மதில் ஏறிக் குதித்து வந்தார். அறுபது வயது. அதுவரை வாசலில் பார்த்தால் தலையை அசைப்பதோடு சரி, பெரிய பழக்கமில்லை. என் கணவரைக் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்துக் குப்புறக் கவிழ்த்து, நெற்றிக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தார். மற்ற கையை என் பக்கம் நீட்டினார். என் முந்தானையைப் பல்லால் கிழித்து கட்டரை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திறந்து கம்பிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனால் வெட்டவில்லை. அந்தக் கை ஆடவே இல்லை. "மூக்கால இஸ்து வுடு தம்பி. மூக்கால. நான் புட்ச்சிகினு கீறேன்" என்று, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னார். நான் "வெட்டுங்க, வெட்டுங்க" என்று அலறிக்கொண்டிருந்தேன். பல் போன சந்து வழியாகக் கோழையோடு அந்த விதை விழுந்தது.

அவர் அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத்த மொதல்ல யாரு குட்ச்சது?"

"யாரும் குடிக்கல. அவருக்குத்தான் போட்டேன்."

"காலி கேஜ் உடாம ஆள ஏத்திட்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கோபப்படவில்லை, அதிர்ந்து போயிருந்தார். ஒரு பெரிய பாவத்தை நேரில் பார்த்துவிட்ட மாதிரி நின்றார். பிறகு சொன்னார். சுரங்கத்தில் கேஜ் கொஞ்ச நேரம் ஓடாமல் நின்றிருந்தாலே, ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் காலியாக ஒருமுறை அடி வரைக்கும் இறக்கி ஏற்றிப் பார்ப்பார்கள். கயிறு, வழி, பிரேக், எல்லாம் சரியாக இருக்கிறது என்று டிரைவரின் கைக்குத் தெரிந்த பிறகுதான் ஆள் ஏறலாம். "அது இல்லாம ஒரு நாளு, ஒரு ஆள, நான் எறக்கனது இல்ல" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கையில் ஒரு பையோடு வந்து நின்றார். என்னைக் கேட்கவே இல்லை. நேராக அடுக்களைக்குள் போனார்.

அவர் செய்தது இதுதான். முதல் நாளே ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சி ஆற வைத்த கூழ் ஒரு கரண்டி. ஏலக்கி வாழைப்பழம் இரண்டு. பப்பாளி ஒரு துண்டு, அல்லது விதையும் தோலும் அதன் கீழிருக்கும் நாரும் போன சப்போட்டா. ராத்திரி ஊறப்போட்டுத் தோலுரித்த வேர்க்கடலை ஒரு பிடி. பேரீச்சம்பழம் மூன்று. காய்ச்சி ஆறிய பால். வெள்ளைச் சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது. நான் டப்பாவை நீட்டியபோது, "பழத்துல இல்லாத சக்கரையா? அத்த எடுத்து உள்ள வை" என்றார். கடலையும் ராகியும் முதலில் தனியாக அரையும், பழம் பிறகு, பால் கடைசியில், ஜாடியின் சுவரோரமாக. கால் இரண்டையும் அகட்டி வைத்து, இடது கையால் மூடியை அழுத்தி, வலது கையைக் குமிழிலிருந்து எடுக்காமல், பார்வையை ஜாடியிலேயே வைத்து நிற்பார். சத்தத்தில் என்னவோ கேட்பார். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அவர் திடீரென்று இறக்கி, மூடியைத் திறந்து, கரண்டியால் அடியிலிருந்து ஒரு முழுக் கடலையை எடுத்துக் காட்டுவார்.

பிறகு டீ வடிகட்டி. பிறகு துவைத்துக் காய வைத்த பழைய மல் வேட்டித் துணியில் இரண்டு தடவை. இத்தனையும் ஆன பிறகு இரண்டு டம்ளர் ஊற்றுவார். முதல் டம்ளர் அவருக்கு.

பல்லை இறுகக் கடித்துக்கொள்வார். அவருக்கும் கடைவாயில் ஒரு பல் இல்லை. "இதுக்குன்னே புடுங்கி வெச்ச மாதிரி கீது பாத்தியா" என்று ஒரு நாள் சிரித்தார். அந்தச் சந்தில் ஸ்ட்ராவை வைத்து, கண்ணை மூடி, என் கணவர் எப்படி உறிஞ்சுவாரோ அப்படியே உறிஞ்சுவார். ஒரு வாய் இரண்டு வாய் இல்லை, டம்ளர் முழுக்க, கடைசிச் சொட்டு வரை. "பாதி வரிக்கும் போயிட்டு வந்தா ட்ரையல் ஆவாதும்மா. கனமானது எல்லாம் அடியிலதான் குந்திகினு இருக்கும்." குடித்து முடித்து, தொண்டையைத் தடவிக்கொண்டு, பத்து நிமிடம் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் என் கணவர் கட்டிலில் ஸ்ட்ராவைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மணியடிக்கக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மாமா எழுந்து சொல்வார்:

"ஆளு ஏறலாம்."

காலை, மதியம், சாயங்காலம். ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஒரு வேளைகூட தப்பவில்லை. கரண்ட் போனால் அம்மிக்குப் போனார். அம்மியில் அரைத்ததைத் துணியில் மூன்று தடவை வடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவரைப் பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிப்போய், துருப்பிடித்த பைப்புகளை இறக்கிவிட்டு அந்தத் தராசில் ஏற்றுவார். ஐம்பத்தைந்தே கால். அடுத்த வாரம் ஐம்பத்தாறரை. கடைக்காரர் கன்னடத்தில், ஆளை விற்கிறீர்களா என்று கேட்டார். என் கணவர் பல்லுக்குள் சிரித்தது அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான்.

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் மதியம் முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, மீதி முழுவதையும் சிங்க்கில் கொட்டிவிட்டார். என் கணவர் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"என்ன மாமா இது? நான் பார்க்க மூணு தடவை வடிச்சீங்க! அவர் பசியில துடிக்கிறார், நீங்க பாட்டுக்குக் கொட்டுறீங்க?"

"நாக்குல இன்னாவோ பட்டுது."

"என்ன பட்டுது? காட்டுங்க!"

"முழுங்கிட்டேன்."

முழுங்கிவிட்டாராம்! நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் மிக்சி ஜாடியைக் கழற்றி, பிளேடைத் திருகி எடுத்து, மூடிக்கு உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் சுற்றித் தடவினார். ஓரிடத்தில் எறும்பு தின்ற அளவுக்கு ஒரு பிசிறு பெயர்ந்திருந்தது. அதில் பாதி இருந்தது, பாதி இல்லை. இல்லாத பாதி, துணியில் இழை விலகிய இடத்தில் தப்பி, அவர் வயிற்றில். என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவர் புது வளையம் வாங்க பஜாருக்குப் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலைக் காய்ச்சினேன்.

அதை மார்க்கெட்டில் பப்பாளி விற்கிறவரிடம் சொன்னேன். அவரும் ஒரு காலத்தில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். "யாரு, அவரா?" என்று தராசைக் கீழே வைத்தார். "நான் சொல்றேன் கேளும்மா. ஒரு நாளு நாப்பது பேரு லைன்ல நிக்கிறோம். ஷிப்டு டைம் ஆயிபோச்சி. காலி கேஜ் போயிட்டு வந்துச்சி. அவரு ஆள ஏத்த மாட்டேன்ட்டாரு. எறங்கும்போது ஒரு எடத்துல கையில இன்னாவோ பட்டுதாம். ஆபீசரு வந்து கத்தறாரு. நாங்க வேற திட்றோம், எங்களுக்கு வேல போவுதே! அவரு லீவர்ல இருந்து கைய எடுக்கல, வாயத் தெறக்கல. மறுக்கா காலியா உட்டாரு. மறுக்கா. அப்புறம் ஆளு போயி பாத்தா, பாதி வழியில கேஜ் ஒரசிகினு ஓடற மரக்கட்ட ஒண்ணு கழண்டுகினு நிக்குது." பப்பாளியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "அந்த நாப்பதுல நானு ஒருத்தன்" என்றார்.

பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட கை என் வீட்டு அடுக்களையில், என் மிக்சியின் குமிழில்.

நான்காவது வாரம் அவர் மகள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். அவர் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, சப்போட்டா டம்ளரின் அடிப்பாகத்தில் இருந்தார்.

"நைனா! இன்னா பண்றே நீ?"

அவர் கையை நீட்டி அவளை நிறுத்தினார். குடித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இவருக்கு ஏழு வருஷமா சுகர் கீது. தெரியாதா உங்களுக்கு? டீக்கே சக்கர போட்டுக்க மாட்டாரு. எத்தினி நாளா இது நடக்குது?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. டீயில் சர்க்கரை வேண்டாம் என்றபோது, கொஞ்சம் கறாரான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வாழைப்பழம், சப்போட்டா, பேரீச்சம்பழம். டம்ளர் டம்ளராக, ஒரு நாளைக்கு மூன்று தடவை, மூன்று வாரம். நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் குனிந்து அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். இடது கால் சுண்டுவிரலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. செருப்பு கடித்ததாம். அவிழ்த்தபோது நாற்றம் வந்தது.

"ஆறிடும்" என்றார்.

"நர்சு நானா நீயா?" என்று அவள் அழுதாள்.

என் கணவர் சிலேட்டை எடுத்து, சாக்பீஸ் உடையும் அளவுக்கு அழுத்தி எழுதிக் காட்டினார்: "மாமா குடித்தால் நான் குடிக்க மாட்டேன்."

மாமா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "ட்ரையல் பாக்காத நானு உனுக்குக் குடுக்க மாட்டேன் தம்பி."

அவ்வளவுதான். இரண்டு பேரும் அசையவில்லை. மேஜை மேல் இரண்டாவது டம்ளர் கறுத்துக்கொண்டே வந்தது. எடை ஐம்பத்தேழுக்கு வந்து, இனி எலும்பு சேரும் என்று நான் நம்பத் தொடங்கியிருந்த நேரம். ஒருவர் குடித்தால் அவர் கால் போகும். குடிக்காவிட்டால் இவர் தாடை போகும். நான் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நான் குடிக்கிறேன். இனிமே முதல் டம்ளர் எனக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கொய்யா விதையை அவர் மறந்திருக்கவில்லை.

"சும்மா குடிக்கறது வேற, பாக்கறது வேற. மொதல்ல உன்ன பாக்கணும்."

பரீட்சை வைத்தார். கேலியில்லை, உண்மையாகவே. அன்றைக்கு என் கணவருக்கு வெறும் பால்தான். மூன்று டம்ளரை என் முன்னால் வைத்து, ஏதோ ஒன்றில் ஒரே ஒரு கடுகைப் போட்டிருப்பதாகச் சொன்னார். கண்ணை மூடி, பல்லைக் கடித்து, உறிஞ்ச வேண்டும். எனக்கு எல்லாப் பல்லும் இருந்தது. முன்பல் சந்து வழியாக இழுத்துத் தாடை நோவெடுத்தது. மூன்றையும் குடித்துவிட்டு, "நடுவுல இருந்த டம்ளர்" என்றேன்.

"மூணாவது. முழுங்கிட்டே." அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு ஆளு செத்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைச் சுவரில் அடித்திருப்பேன். கிழவனுக்கு என்ன திமிர் என்று மனதுக்குள் திட்டினேன். வயிறு முட்டி, கண்ணில் தண்ணீர் நிற்க, "இன்னொரு தடவை வைங்க" என்றேன். மதியம் வைத்தார். தவறவிட்டேன். சாயங்காலம் வைத்தார். அப்போதுதான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. ருசியை விட்டுவிட வேண்டும். பசியை, இனிப்பை, என் கோபத்தை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாக்கின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். முதல் டம்ளரின் கடைசி வாயில், அடியில், நுனி நாக்கில் ஒரு புள்ளி உரசியது. கையைத் தூக்கினேன். துப்பிக் காட்டினேன். கடுகு.

அவர் மகள் கை தட்டினாள். அவர் தட்டவில்லை. "சரி. இனிமே நீ பாரு" என்றார். முப்பத்தொரு வருடம் அந்த மனிதர் என்னவாக இருந்தார் என்று அன்றைக்கு என் நாக்குக்குத் தெரிந்தது. ஒரு டம்ளருக்கே எனக்கு நெற்றி வேர்த்துவிட்டது. அவர் ஒவ்வொரு ஷிப்டிலும் நாற்பது நாற்பது பேரை அப்படி இறக்கியிருக்கிறார்.

மகள் அவரை அன்றைக்கே பெங்களூருக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. இங்கேயே ஊசி போட்டுக்கொள்கிறேன் என்றார். காலில் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து, குமிழை மட்டும் விடாமல், இன்னும் ஒரு வாரம் மிக்சியை ஓட்டினார். முதல் டம்ளரை நான் குடித்தேன். "ஆளு ஏறலாமா?" என்று என்னைக் கேட்பார். நான் தலையை ஆட்டினால்தான் டம்ளர் நகரும். என் வாழ்க்கையில் என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை வேறு யாரும் கொடுத்ததில்லை.

ஆறாவது வாரம் தொடங்கியபோது அவருக்குக் கால் வீங்கிக் குளிர் காய்ச்சல் வந்தது. மகள் வந்து, பேச்சே இல்லாமல், டாக்ஸி வைத்துக் கொண்டுபோனாள். மீதி நாட்கள் நானே அரைத்தேன், நானே வடித்தேன், நானே முதலில் குடித்தேன். ஒருவரும் இல்லாத அடுக்களையில் வாயைத் திறக்காமல் அரைத்தேன்.

கம்பியை எடுக்கப் பெங்களூருக்குப் போனோம். எடை ஐம்பத்தெட்டரை. எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் கணவரின் வாய் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. ஆறு வாரம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை என் பெயராக இருக்கும் என்று நினைத்தேன். "மாமா எங்க?" என்றார்.

அங்கிருந்து நேராக அவர் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "தம்பி, வாயத் தெற பாப்போம்" என்றார். என் கணவர் திறந்தார். கட்டிலிலிருந்து சாய்ந்து, அந்த ஒரு விரல் அகலத்துக்குள் நன்றாகப் பார்த்தார். "கடி." கடித்தார். "மறுக்கா தெற." திறந்தார். அவர் முகத்தில் வந்த திருப்தியை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கட்டுப் போட்ட காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்களால போச்சே மாமா" என்று உடைந்துவிட்டேன்.

"ஏம்மா அழுவுறே? காலி கேஜ் இன்னாத்துக்கு முன்னால போவுது? இன்னா ஆவறதா இருந்தாலும் அதுக்கு ஆவட்டும், ஆளுக்கு ஆவக் கூடாதுன்னுதானே. தம்பிக்கு ஒண்ணும் ஆவல. வாயத் தெறந்துட்டான். ரெண்டு வெரலுதானே, போவட்டும் உடு." ஆறுதலுக்குச் சொன்னதில்லை, சுரங்கத்தில் இருக்கும் ஒரு விதியைச் சொல்வது போலச் சொன்னார். அவர் அதை முழுக்க நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது காலியா போகல மாமா" என்றேன். குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்துவிட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது. "மூணு வாரம், மூணு வேளை, அதுக்குள்ள ஒரு ஆள் இருந்தாரு. நாற்பது பேரை நிறுத்தி வச்சீங்களே, அந்த ஒரு ஆளை மட்டும் எப்படி மாமா பார்க்காம அனுப்பினீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவள் முகத்தை அவர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று தோன்றியது. ஏழு வருடமாக மாதம் ஒரு முறை ரயிலேறி வந்து திட்டிவிட்டுப் போகிற முகம் அது.

"ஆமாம்மா" என்றார். "தப்புதான்."

மகள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். என் கணவர் எழுந்து போய், அந்த வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.